அது ஆர்ட சொல்லு?

நான் கலியாணம் முடித்துக் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்த முதல் கிழமையே ஒரு பானைக்காரி என் குசினி வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

படலையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. தமிழைத் தவிர வேறு பாஷை காதில் விழாத கிழக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வளர்ந்தவள் நான். "என்ன?" என்றேன். அவள் படலையைத் தள்ளித் திறந்து முற்றத்துக்கு வந்தாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "என்ன? என்ன?" என்றேன். அவள் சிரித்த முகத்தோடு தலைச்சுமையும் தானுமாகப் படியேறினாள். நான் சத்தம் போடப் போட அவள் கிட்டக் கிட்ட வந்து, கடைசியில் குசினி வாசலில் சுமையை இறக்கி வைத்து, குந்தியிருந்து வேர்வையைத் துடைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாய மூடு புள்ள. நீ 'என்ன' எண்டு கேக்கக் கேக்க அவ வரத்தான் செய்வா. அவங்கட பாசையில 'என்ன' எண்டா 'வாங்க' எண்டு."

எட்டிப் பார்த்தேன். மெலிந்து உயர்ந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பானைக்காரியோடு சிங்களத்தில் நாலு வார்த்தை கதைத்தார். பானைக்காரி என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்தான் ராத்தா. ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்குக் கூடப் பிறந்த அக்கா யாரும் கிடையாது. அந்தச் சொல்லை நான் வாய் நிறையச் சொல்லிப் பழகியதே அவரிடம்தான்.

எங்கள் ஒழுங்கையில் முப்பது வீடுகளுக்கு மேல் இருந்தன. எல்லாம் தொண்ணூறில் இயக்கத்தால் விரட்டப்பட்டு மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்த முஸ்லிம் சனங்கள். கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாகி, இங்கே பிறந்த பிள்ளைகளும் கலியாண வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த இடத்துக்குப் பெயர் 'கேம்ப்'தான். என் கணவரின் ஆட்கள் கற்பிட்டிக்காரர்கள். கேம்பின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி இருந்ததால் நாங்கள் அங்கே குடியிருந்தோம். மூன்றாம் மாதம் அவர் கத்தாருக்குப் போய்விட்டார். பிறகு எனக்கும் ராத்தாவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலியும் நாள் முழுக்க மணலை அள்ளி வீசுகிற காற்றும்தான்.

ராத்தா கலியாணம் முடிக்கவில்லை. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வேறு படகில் வேறு கரையில் போய் இறங்கி, அங்கேயே முடித்துவிட்டார். இதை ராத்தா எனக்கு ஒரே ஒரு தரம் சொன்னார், அதுவும் அரிசி புடைத்துக்கொண்டு. தம்பி ஒருவர் புத்தளம் டவுனில் குடும்பத்தோடு இருந்தார். பெருநாளுக்கு வருவார்.

சிங்களம் அவர் படித்ததில்லை. வெங்காயத் தோட்டத்திலும் இறால் பண்ணையிலும் வேலை செய்து காதால் பிடித்துக்கொண்டது. சிங்கள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கதைத்தால் சிலாபத்துச் சிங்கள ஆள் என்றுதான் நினைப்பார்கள். பொலிசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, அரசாங்கக் கச்சேரிக்கு என்று கேம்பில் யாருக்கு என்ன தேவை வந்தாலும் ராத்தாவைத்தான் கூட்டிப் போவார்கள். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சந்தேகம் வந்தால் வலக்கை மேலே எழும்பும். "நில்லுங்க. அது ஆர்ட சொல்லு?" என்பார். சொன்னவர் மறுபடி சொல்ல வேண்டும். எத்தனை அவசரமென்றாலும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எங்களுக்கு முன்னால் வயதான ஒரு மனுஷி. டொக்டர் அவரின் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த டொக்டரிடம் இங்கிலீசில் என்னமோ சொன்னார். மனுஷி அப்படியே தரையில் இருந்துவிட்டார். "யா அல்லாஹ்! எனக்கு மவுத்தாம்! டொக்டர் வாயாலயே சொல்லிப்போட்டார்!" என்று, சாகக் கிடக்கிறவர் மாதிரி, கலிமாச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ராத்தாவின் கை எழும்பியது. "நில்லுங்க உம்மா. அது ஆர்ட சொல்லு? நம்மட மவுத்து இல்ல அது. இங்கிலீசுக்காரன்ட மௌத். வாய் எண்டு அர்த்தம். உங்கட வாயில புண்ணு, அவ்வளவுதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. விஷயம் சொன்னதும் டொக்டரும் சிரித்தார். அதே ஆஸ்பத்திரியில்தான், 'கண் வருத்தம்' என்று சொன்ன மீன்கார நானா ஒருவரைக் காது பார்க்கிற வரிசையில் இருத்தி வைத்தார்கள். சிங்களத்தில் 'கன' என்றால் காது. அவர் ஒரு மணித்தியாலம் இருந்து, காதைக் காட்டிவிட்டு, "காதும் பாத்தாச்சு" என்று சந்தோஷமாக வந்தார். பஸ்ஸில் திரும்பும்போது நான் இரண்டையும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ராத்தா வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? அந்த உம்மா அந்த நேரம் உண்மையா மவுத்தாகித்தானே வந்தா," என்றார்.

அவர் ஏன் சிரிப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பகல், இரண்டு பேரும் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தோம். கை வேலையில் இருக்க, ராத்தாவின் வாய் தன்பாட்டில் சொல்லியது. இங்கே வந்த இரண்டாம் வருடம், அவரின் உம்மாவும் அவரும் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பிலிருந்து மேற்பார்வைக்காரர் கத்தினார்: "நயெக்! நயெக்!" உம்மாவுக்கு நாய் என்று கேட்டது. நாயைத் துரத்த ஒரு கல்லெடுக்கலாம் என்று குனிந்து கையை நீட்டினார். சிங்களத்தில் நயா என்றால் நாகபாம்பு.

"உம்மா தப்பிட்டா," என்றார் ராத்தா. "ஆனா அந்தக் கை பிறகு சரியா மடங்கல்ல. அவ அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நாய் எண்டு நினைச்சேனே எண்டு. எனக்குத்தான் சிரிப்பு வரல்ல. அவர் ஒழுங்காத்தான் சொன்னார். உம்மாவும் ஒழுங்காத்தான் கேட்டா. ரெண்டு பேர்லயும் பிழையில்ல. அப்ப பிழை எங்க கிடந்தது?"

அந்த உம்மா யுத்தம் முடிவதற்கு முதலே மௌத்தாகிவிட்டார். கடைசி வரைக்கும் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் ராத்தா ஒரு தரம் தனியே பஸ்ஸேறிப் போய்த் தன் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பின்னேரம் வேலியோரம் நின்று சொன்னார்: "முழுக்கக் காடு புள்ள. பள்ளிவாசல் இருந்த இடமே தெரியல்ல. எங்கட கிணறு கிடக்கு. உள்ளுக்கு மரம் முளைச்சிருக்கு. ஆனா தண்ணி கிடக்கு." காணி உறுதிப் பத்திரத்தை பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"அங்க தனிய எப்பிடி இருப்பீங்க ராத்தா?"

"இஞ்ச மட்டும் ஆரோடயா இருக்கேன்?"

அவர் நினைத்துச் சொன்னதல்ல. ஆனால் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. காலையில் எழும்பினால் முதல் கதை வேலியில் அவரோடுதான். கறி வைத்தால் ஒரு கோப்பை அந்தப் பக்கம் போகும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி என் அடுப்பில்தான். அதெல்லாம் ஒன்றுமில்லையா என்று நினைத்தேன். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, திரும்பிப் போகிறவர்கள் யார், இங்கேயே இருக்கப் போகிறவர்கள் யார் என்று பதிய ஓர் அதிகாரி வந்தார். போகிறவர்களுக்கு அங்கே வீடு கட்ட உதவி கிடைக்கும் என்று சொன்னார்கள். தெற்கிலிருந்து வந்த இளம் ஆள், மரியாதையானவர். தமிழ் தெரியாது. கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. பள்ளிவாசல் வளவில் வேப்பமரத்தடியில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, ராத்தாவுக்கு ஆளனுப்பினார்கள்.

காலையிலிருந்து லுஹர் தொழுகை தாண்டும் வரைக்கும் ராத்தா நின்றபடி கதைத்தார். நிழல் நகர நகர நான் அவருக்குக் குடை பிடித்தேன். ஒவ்வொரு குடும்பத்தையும் இரண்டு தரம் கேட்டார். ஒரு முதியவர் "போகலாம்" என்றபோது கை எழும்பியது.

"போகலாம் எண்டா போறீங்களா, இல்ல போகப் பாக்கலாம் எண்டு சொல்லுறீங்களா? இது எழுத்தில விழுகிற விஷயம் காக்கா. நேராச் சொல்லுங்க."

"போறேன் புள்ள, போறேன். அல்லாஹ் மேல ஆணையாப் போறேன்!"

அதிகாரியின் கொப்பியில் இரண்டு நிரல்கள். போகிறவர்களுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, இருக்கிறவர்களுக்கு வலப்பக்கம். எனக்கும் சிங்கள எழுத்துத் தெரியாது. ஆனால் குடை பிடித்துக்கொண்டு காலையிலிருந்து பார்த்ததில் அது விளங்கியிருந்தது. வலப்பக்கம் மூன்று கோடுகள்தான் விழுந்திருந்தன.

எல்லோரும் முடிந்தபின் அதிகாரி நிமிர்ந்து ராத்தாவைப் பார்த்தார். "அக்கா? அக்கா ஆபஹு யனவத?" திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டார்.

காலையிலிருந்து மற்றவர்களின் போக்கையும் இருப்பையுமே கதைத்துக்கொண்டிருந்தவர் ராத்தா. தன் முறை வருமென்று மறந்துவிட்டாரோ என்னமோ. அவர் முகம் கனிந்தது. வாயைத் திறந்தபோது வந்தது தமிழ்.

"எப்ப…?" என்றார். கதைத்துக் களைத்த வாயிலிருந்து இழுபட்டு வந்தது அந்தச் சொல். எப்போது போகலாம் என்று கேட்டார்.

சிங்களத்தில் 'எபா' என்றால் வேண்டாம்.

அதிகாரி தலையை ஆட்டி வலப்பக்கத்தில் நாலாவது கோட்டைப் போட்டார். கொப்பியைத் திருப்பி வைத்தார். ராத்தா தமிழில் கையெழுத்து வைத்தார். திகதி வந்தால் அறிவிப்பார்கள் என்று நினைத்திருப்பார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ அவரின் முக்காட்டைப் பிடித்து இழுத்துத் தன் பெயரை ஒழுங்காக எழுதினார்களா என்று கேட்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குக் கேட்டது. இரண்டு பாஷையிலும் கேட்டது. வேலியோரம் நின்று அவரிடமிருந்தே பொறுக்கிய சிங்களம்தான். "மஹத்தயா, வரதியி" – ஐயா, பிழை – என்று இரண்டு சொல் போதும். அதிகாரி அவசரப்படவில்லை. கொண்டுவந்து கொடுத்த பிளேன்ரீயை ஆறவிட்டுக் குடித்தார். பேனையை மூடினார். கடதாசிகளை அடுக்கினார். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. நான் முகத்தைக் களப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். ராத்தா போனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஆளிருக்காது. மனசில் இருந்தது அது ஒன்றுதான். வேறு நியாயம் எதுவும் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.

ஒரு வருடத்துக்குள் லொறிகள் வரத் தொடங்கின. சனங்கள் கதவு, யன்னல், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு லொறியின் டிரைவருக்கும் ராத்தாதான் வழி சொல்லிக் கொடுத்தார். தன் முறைக்குக் காத்திருந்தார். பாதி ஒழுங்கை காலியான பிறகு கச்சேரிக்குப் போய்க் கேட்டார். அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வேணாம் எண்டு சொன்னேனாம் புள்ள. என்ட கையெழுத்தக் காட்டுறாங்க."

மூன்று நாள் அவர் முற்றத்தில் இருந்து அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். நாலாம் நாள் காலை வேலிக்கு ஓடிவந்தார்.

"எப்ப எண்டு கேட்டேன்! நான் எப்ப எண்டு கேட்டேன், அவருக்கு எபா எண்டு விளங்கியிருக்கு! அத்தின பேருக்கும் சிங்களத்தில கதைச்சிப்போட்டு, எனக்கு மட்டும் தமிழ் வந்திட்டே புள்ள!"

அதன் பிறகு முறைப்பாடு எழுத வேண்டியிருந்தது. ராத்தாவுக்குத் தமிழிலும் கையெழுத்துத்தான் வரும்; அவர் சொல்ல நான்தான் எழுதினேன். மூன்று கடிதங்கள், நல்ல தமிழில், கோடு போட்ட தாளில். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. சம்பவத்தின்போது பக்கத்தில் நின்று கேட்டவர் யாரும் இருந்தால் கையொப்பத்தோடு எழுதித் தரவும் என்று இருந்தது. நான்தான் அதை வாசித்துக் காட்டினேன்.

ராத்தா என்னைப் பார்த்தார். "நீதானே குடை பிடிச்சிக்கொண்டு நிண்டாய். உனக்குக் கேட்டதா புள்ள?"

"இல்ல ராத்தா. எனக்குக் கேக்கல்ல."

எல்லோரையும் இரண்டு தரம் கேட்கிறவர் அவர். என்னை ஒரு தரம்தான் கேட்டார். பதிலை அப்படியே நம்பினார். "ஆரும் இல்லையெண்டு எழுது," என்றார். எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து என் கணவர் கத்தாரை முடித்துக்கொண்டு வந்தார். கொழும்புக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். அவர் லீவில் வந்து போனதில் பிறந்த என் மகளுக்கு அப்போது ஒரு வயது. போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. லொறி வந்த காலையில் ராத்தா விடியற்காலையே வந்துவிட்டார். சட்டி பானைகளை வைக்கோல் வைத்துக் கட்டினார். மகளின் தலையில் கை வைத்து துஆ ஓதினார். டிரைவருக்கு வழி சொன்னார். ஒழுங்கையில் அப்போது மிஞ்சியிருந்தது நாலு வீடு.

வேலிக் கிடுகை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று என் கணவர் கேட்டார்.

"வேலியப் பிரிக்க வேணாம் தம்பி," என்றார் ராத்தா. "அது நிண்டா இவ அங்கால இருக்கிற மாதிரி இருக்கும்."

லொறியில் ஏறி முன்னால் இருந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கிழமைக்கு ஒரு தரம் போன் எடுப்பேன். காற்று எப்படி, வெங்காயம் எப்படி என்று கதைப்போம். அவர் வீட்டைத் தவிர மற்ற மூன்றும் பிறகு பூட்டப்பட்டுவிட்டன என்று ஒரு நாள் சொன்னார். அப்படியே வருடங்கள் போயின. என் மகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கத் தொடங்கி, ஒரு பின்னேரம் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உம்மா, 'எபா' எண்டா என்ன?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

"ராத்தா, அண்டைக்கு எனக்குக் கேட்டது. நீங்க எப்ப எண்டு கேட்டதும் கேட்டது. அவர் மற்றப் பக்கம் கோடு போட்டதையும் கண்டேன்."

போனில் காற்று அடித்தது.

"நீ மூஞ்சத் திருப்பினத நான் பாத்தேன்," என்றார். "வெயிலுக்கு எண்டு நினைச்சேன்."

"நீங்க போயிருவீங்க எண்டு பயந்திட்டேன் ராத்தா. நான் வாறேன். எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறேன். கையெழுத்து வெச்சுத் தாறேன்."

"அந்த லிஸ்ட் எல்லாம் முடிஞ்சு எவ்வளவு காலம்," என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. "அடுப்பில சோறு கிடக்கு. வெக்கிறேன்."

அடுத்த கிழமை எடுத்தேன். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னார். பிறகு, "கொஹொமத நங்கி?" என்றார். எப்படியிருக்கிறீர்கள் தங்கச்சி என்று, சிங்களத்தில்.

பகிடியாக்கும் என்று நினைத்தேன். "ராத்தா, நான்தான்," என்றேன்.

"தன்னவா," என்றார். தெரியும் என்று. பிள்ளை சுகமா, வீட்டுக்கார மஹத்தயா சுகமா, அங்கே மழையா என்று எல்லாம் விசாரித்தார், எல்லாம் சிங்களத்தில். கச்சேரியில் அதிகாரிகளோடு கதைப்பாரே, அந்தக் குரல். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து மேசையில் வைக்கிற மாதிரி, சுத்தமாக, மரியாதையாக. நான் தமிழில் கேட்ட கேள்விகளுக்கும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். இரண்டு மூன்று மாதம் நான் விடாமல் தமிழில் கதைத்துப் பார்த்தேன். பிறகு நானும் சிங்களத்துக்கு மாறிவிட்டேன்.

இப்போதும் எடுக்கிறேன். ஒரு தரமும் எடுக்காமல் விட்டதில்லை அவர். போன நோன்புப் பெருநாளன்றும் எடுத்தார். ஈத் முபாரக் சொன்னார், நானும் சொன்னேன். அதற்குப் பிறகு போனை வைக்கிற வரைக்கும் சிங்களம்தான்.